கேள்விக்குறியார் மறித்து வைத்த ஆகாயக் கப்பல்

கடவுள் உலகத்தைப் படைத்து முடித்துவிட்டு, எதற்கும் ஒருதரம் சரிபார்க்கட்டும் என்று எங்கள் பத்திரிகைக் காரியாலயத்துக்கு அனுப்பியிருந்தால், உலகம் இன்றைக்கும் வெளிவந்திருக்காது. கேள்விக்குறியார் விட்டிருக்கமாட்டார். ஓரத்தில் பச்சைப் பேனையால் ஒரு கேள்விக்குறியைப் போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார். என்ன பிழை என்று கடவுள்தான் தலையைச் சொறிந்து கண்டுபிடிக்கவேண்டும்.

அவருடைய வேலை ஒப்புநோக்குவது. அதாவது அச்சுக்குப் போகமுன் பிழை பார்ப்பது. ஊர் உலகத்தில் மற்ற ஒப்புநோக்குநர்கள் பிழையைக் கண்டால் திருத்துவார்கள். இவர் திருத்தமாட்டார். பிழை விட்டவர்தான் திருத்தவேண்டும் என்பது இவருடைய சட்டம். ஆகவே வெறும் கேள்விக்குறி. அந்த வரியில் எழுத்துப் பிழையா, ஆள் பிழையா, உங்கள் பிறப்பே பிழையா என்று நீங்கள்தான் யோசிக்கவேண்டும். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் அங்கே வேலை செய்த காலத்தில் அதை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

மனிதர் ஓரிடத்தில் குந்தியிருந்து வேலை செய்யமாட்டார். அவருக்கென்று ஒரு கதிரை கொடுத்திருந்தார்கள். அதில் அவருடைய சாப்பாட்டுப் பெட்டி இருந்தது. அவர் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு விறாந்தையின் இந்தத் தொங்கலுக்கும் அந்தத் தொங்கலுக்கும் நடந்துகொண்டே வாசிப்பார். நடையைப் பார்த்தே என்ன பக்கம் என்று சொல்லிவிடலாம். விளையாட்டுச் செய்தி என்றால் ஓட்டமும் நடையும். ஆசிரியத் தலையங்கம் என்றால் சாமி ஊர்வலம். சாவகச்சேரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். சீற் வெறுமையாகக் கிடந்தாலும் நின்றுகொண்டுதான் வருவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். இருந்தால் பஸ் மெதுவாகப் போகிற மாதிரி இருக்கிறது என்றார்.

அவருடைய ராச்சியம் மரண அறிவித்தல்கள். எங்கள் ஆட்கள் பத்திரிகையைப் பின்னாலிருந்துதான் வாசிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். முன்பக்கத்தில் நாடு கவிழ்ந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். அறிவித்தலில் ஒரு மருமகனின் பெயர் விடுபட்டால் பொறுக்கமாட்டார்கள். ஒருமுறை மூத்த மருமகளை இளைய மருமகள் என்று போட்டுவிட்டோம். இரண்டு வான் வண்டி பிடித்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஒரு வான் போதும்தான், ஆனால் இரண்டு மருமகளும் ஒரே வானில் ஏறச் சம்மதிக்கவில்லையாம். அன்றையிலிருந்து கேள்விக்குறியாரின் கையெழுத்தில்லாமல் ஒரு பக்கமும் அச்சுக்குப் போகக்கூடாது என்று ஆசிரியர் கட்டளை போட்டுவிட்டார். கேள்விக்குறியாரும் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் தானே ரெலிபோன் எடுத்து, செத்தவரின் உறவுகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டி, ஓம் என்று கேட்ட பிறகுதான் கையெழுத்து வைப்பார்.

இந்த மனிதரிடம்தான் நான் போய் மாட்டினேன்.

கொரோனா அடங்கிய கையோடு அந்தப் பத்திரிகையில் சேர்ந்து, நீதிமன்றச் செய்திகளைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தேன். அடிபிடி, காணிப் பிணக்கு, மாட்டுக் களவு. விடிந்தால் பொழுதுபட்டால் இதுதான். எனக்கு விசர் பிடிக்கும்போல் இருந்தது. ஆசிரியரின் உயிரை எடுத்து, ஞாயிறு இதழில் சிறுவர் பக்கம் என்று அரைப்பக்கம் வாங்கினேன். அவர் சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது.

"தங்கச்சி, பத்துக் கிழமை தாறன். பிள்ளையளிட்டை இருந்து கடிதம் வரவேணும். வராட்டில் உந்த அரைப்பக்கத்தை அறிவித்தலுக்குக் குடுத்திடுவன்."

அறிவித்தல்தான் பத்திரிகைக்குச் சோறு. அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அரைப்பக்கம் போனால் நான் மறுபடி மாட்டுக் களவுக்குப் போகவேண்டும். அதை நினைக்க எனக்கு நித்திரை வரவில்லை.

ஒரு தொடர்கதை தொடங்கினேன். ஊர்காவற்றுறைக் கரையிலிருந்து ஒரு பாய்மரக் கப்பல் எழும்பி, நிலாவையும் தாண்டி ஆகாயத்தில் போகிறது. பதினொரு வயதுப் பெட்டை ஒருத்திதான் கப்பித்தான். மூன்று பாய், பின்னால் ஒரு சுக்கான். அங்கே காற்று ஏது, ஆகவே சூரிய வெளிச்சம் பாயைத் தள்ளும். எங்கள் சித்திரகாரர் இரண்டு பிள்ளைகளின் தகப்பன், சாதாரணமாக நகைக்கடை விளம்பரம் கீறுகிறவர். அவரே உற்சாகம் வந்து, வால்வெள்ளி மோத வருகிற நேரம் பெட்டை சுக்கானை முறித்துத் திருப்புவது போல ஒரு படம் கீறித் தந்தார். அப்படி ஒரு வடிவு.

பக்கம் திரும்பி வந்தது. சுக்கானுக்கு நேரே பச்சைக் கேள்விக்குறி.

சுக்கானில் என்ன பிழை? மூன்று சுழியா, இரண்டு சுழியா என்று அகராதியைப் புரட்டினேன். எழுத்துச் சரி. விறாந்தைக்குப் போய் அவருக்குப் பின்னால் நடந்துகொண்டே கேட்டேன். அவரோடு கதைப்பதென்றால் நடக்கவேண்டும்.

"எழுத்துச் சரி, பிள்ளை. உது எதிலை ஊண்டித் திரும்புது?"

விளங்கவில்லை என்றேன்.

"கடலிலை எண்டால் சுக்கான் தண்ணியைத் தள்ளும், தண்ணி சுக்கானைத் தள்ளும். மேலை என்ன கிடக்கு தள்ள? ஒண்டும் இல்லை. பேந்து கப்பல் எப்பிடித் திரும்பினது?"

இது கதைதானே ஐயா, கப்பல் பறக்கிறதையே விட்டுவிட்டீர்கள், சுக்கானில் வந்து நிற்கிறீர்களே என்று கேட்டேன். பறக்கிறது ஆசை, அதைக் கேள்வி கேட்கக் கூடாது, ஆனால் திரும்புகிறது வேலை, வேலை சரியாக இருக்கவேண்டும் என்றார். கையெழுத்து வைக்கவில்லை. நேரம் போய்விட்டது. அந்த ஞாயிறு என் அரைப்பக்கத்தில், இணுவிலைச் சேர்ந்த ஒரு பெரியவர் முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலியில் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா அதை எழுத்து விடாமல் வாசித்துவிட்டு, நல்ல மனிசன், பாவம் என்றா. என் கதை எங்கே என்று கேட்கவில்லை.

அடுத்த கிழமை சுக்கானைப் பெரிதாக்கிப் போட்டோம். கேள்விக்குறியும் பெரிதாக வந்தது. சித்திரகாரர் மவுஸை மேசையில் குத்தினார். நான் ஆசிரியரிடம் ஓடினேன். அவர் இரண்டு வான் வந்த கதையை எனக்குத் திரும்பச் சொன்னார். பத்துக் கிழமையில் இரண்டு போய்விட்டது. கடிதம் ஒன்றும் இல்லை. வராத கதைக்கு யார் கடிதம் போடுவார்கள்?

மூன்றாம் கிழமை எனக்கு வந்த கோபத்தில், அந்த மனிதரின் கேள்வியைத் தூக்கிக் கதைக்குள்ளேயே போட்டேன். வால்வெள்ளி வருகிறது. பெட்டை சுக்கானைத் திருப்புகிறாள். கப்பல் திரும்பவில்லை. "ஐயோ, இதை எதிலை ஊண்டித் திருப்பிறது?" என்று அவள் கேட்கிறாள். அவ்வளவுதான், தொடரும். போய்த் தொலையுங்கள் என்று பக்கத்தை அவர் கையில் கொடுத்தேன். விறாந்தையில் ஒரு நடை நடந்தார். கேள்விக்குறி இல்லாமல் கையெழுத்து வந்தது.

பிறகு கடிதம் வரத் தொடங்கியது பாருங்கள். குடாநாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் இதற்காகத்தான் காத்திருந்தார்களோ என்னவோ. நிலாவில் கயிறு கட்டி இழுக்கச் சொல்லி ஒரு பெடியன். எல்லாரும் ஒரு பக்கம் நின்று ஒன்றாகத் தும்மச் சொல்லி இன்னொருவன். இணுவிலில் இருந்து ஒரு பெட்டை, கப்பலில் உள்ள தேங்காய்களை ஒரு பக்கம் எறிந்தால் கப்பல் மற்றப் பக்கம் போகும் என்று, ஆறாம் வகுப்புக் கையெழுத்தில் எழுதியிருந்தாள். எனக்கு வருகிற கடிதத்தை எனக்கு முதல் கேள்விக்குறியார் உடைத்து வாசித்துவிடுவார். தேங்காய்க் கடிதத்தைக் கண்டதும் நடையை நிறுத்தினார். இந்தப் பிள்ளை சொல்வது முழுச் சரி என்று காரியாலயம் முழுக்கக் கேட்கச் சொன்னார். சொல்லிவிட்டு அதன் ஓரத்திலும் ஒரு கேள்விக்குறி போட்டார். தேங்காய் முடிந்த பிறகு என்ன செய்வது?

தேங்காய் எறிந்து பெட்டை வால்வெள்ளிக்குத் தப்பியதையும், அந்தக் கேள்வியையும் அச்சிட்டேன். இன்னும் கடிதம் வந்தது. ஆசிரியர் என்னைக் கண்டால் சிரிக்கத் தொடங்கினார்.

அந்த நாட்களில்தான் எனக்கு ஒரு விஷயம் வெளித்தது. சுக்கானைப் பிடிக்கும்போது கைக்கு எப்படி இருக்கும், கதையில் எழுதவேண்டும், சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்டேன். மனிதர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். விடாமல் கேட்டேன். வள்ளத்தில் அவர் ஏறியதே இல்லையாம். நாலு பக்கமும் கடலும் கடல்நீரேரியும் கிடக்கிற ஊரில், ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் ஒரு வள்ளத்தில் கால் வைக்காத மனிதர்தான் என் கப்பலை இரண்டு கிழமை மறித்து வைத்திருந்தவர். பயமா என்று கேட்டேன். சந்தர்ப்பம் வரவில்லை என்றார். அடுத்த போயா, அதாவது பௌர்ணமி விடுமுறைக்கு அவரைக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கூட்டிக்கொண்டு போய் நயினாதீவுப் படகில் ஏற்றினேன். பழிவாங்குகிற எண்ணம் எனக்கு இல்லவே இல்லை என்று சொன்னால் அது பொய்.

படகில் நடக்க இடமில்லை. இரண்டு அடி வைத்தார், படகோட்டி அதட்டி இருத்திவிட்டார். இருந்து மூன்று நிமிடத்தில் சத்தி எடுக்கத் தொடங்கினார். தீவின் அம்மன் கோயிலுக்குப் போகிற சனம் பாவப்பட்டு ஒருவர் தேசிக்காய் கொடுத்தார், ஒரு அம்மா விபூதி பூசிவிட்டா. இவர் கடலுக்குள் தலையை நீட்டிச் சத்தி எடுப்பார், தலையை எடுத்து ஓட்டியிடம் ஒரு கேள்வி கேட்பார், மறுபடி கடலுக்குள் தலையை நீட்டுவார். கடைசியில், நடுக்கடலில் எஞ்சினை ஒருக்கால் நிற்பாட்ட முடியுமோ என்று கேட்டார். அதுவரை பாவப்பட்ட சனம் முழுக்க அவரை முறைத்துப் பார்த்தது.

ஓட்டி நல்ல மனிதர். இறங்குதுறை கிட்ட வந்ததும் எஞ்சினைத் தணித்து, படகு ஓட்டம் விட்டு மிதக்கும் நேரம், சுக்கான் தடியை இவர் கையில் கொடுத்தார். இவர் இந்தப் பக்கம் தள்ளினார், அந்தப் பக்கம் இழுத்தார். படகு அசையவில்லை.

"ஓடுற வள்ளத்துக்குத்தான் அண்ணை சுக்கான்," என்றார் ஓட்டி. "தண்ணி அதிலை பட்டு ஓடவேணும். நிண்டால் அது வெறும் பலகை."

சத்தி எடுத்து வெளிறிப்போன முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அம்மனைக் கும்பிட்டாரோ தெரியாது. திரும்பி வரும் வழியெல்லாம், பஸ்ஸில் நின்றுகொண்டு, எனக்கு விளக்கம்.

பாய்க்கப்பல் என்பது இரண்டு விரலுக்கு இடையில் அமத்திய பூசணி விதை மாதிரியாம். ஒரு விரல் காற்று, மற்ற விரல் தண்ணீர். இரண்டும் சேர்ந்து அமத்துவதால்தான் விதை நினைத்த பக்கம் பாய்கிறது. காற்றுக்கு எதிராகக்கூடச் சரிந்து சரிந்து போகலாம். ஒரு விரல் மட்டும் என்றால் தள்ளின பக்கம்தான் போகும். என் ஆகாயக் கப்பலுக்கு ஒரு விரல்தான் இருக்கிறது, வெளிச்சம். அது சூரியனை விட்டு வெளியே வெளியே தள்ளிக்கொண்டே போகும்.

"அப்ப என்ரை பெட்டை வீட்டை வரவே ஏலாதோ?" என்று கேட்டேன். 

"பொறும்," என்றார். "மற்ற விரல் எங்கையோ இருக்கவேணும்."

நாலு கிழமை நடந்தார். தேய்ந்தது விறாந்தை. நானும் பெட்டையை நாலு கிழமை ஆகாயத்தில் அலைய விட்டேன். அவள் வெளியே போகப் போகப் பிள்ளைகளுக்கு அந்தரம் கூடியது. கப்பல் எப்ப திரும்பும், அவளின் அம்மா தேடமாட்டாவா, சாப்பாடு கிடக்கா என்று கடிதம். எனக்கே அந்தரமாக இருந்தது. ஒன்பதாம் கிழமை விடிய, நான் ஸ்கூட்டியை நிறுத்த முன்னமே அவர் வாசலில் நின்றார்.

"சூரியன்தான் மற்ற விரல், பிள்ளை. தள்ளுறதும் அதுதான், இழுக்கிறதும் அதுதான். கப்பல் சும்மா நிக்கேல்லை, சூரியனைச் சுத்தி ஓடிக்கொண்டிருக்கு. பாயைச் சரிச்சுப் பிடிச்சால் வெளிச்சம் அந்த ஓட்டத்துக்கு எதிராத் தள்ளும். ஓட்டம் குறையும். குறைஞ்சால் சூரியன் தானாக் கிட்ட இழுக்கும். வீட்டை வந்திடலாம்."

சுக்கான்? அதைப் பின்னாலிருந்து கழற்றச் சொன்னார். பாயின் இரண்டு நுனியிலும் கதவு மாதிரி இரண்டு சின்னப் பாய் வைத்து, ஒன்றைத் திறந்து மற்றதை மூடினால், வெளிச்சம் ஒரு பக்கத்தைக் கூடுதலாகத் தள்ளும், கப்பல் முகம் திரும்பும். அதுதான் அங்கே சுக்கானாம். சித்திரகாரர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் புதிதாகக் கீறினார். நான் கடைசி அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதினேன். பெட்டை பாயைச் சரிக்கிறாள், கப்பல் தணிகிறது, பூமி சின்னப் பொட்டாகத் தெரிகிறது, பிறகு கடல், பிறகு கரை.

பத்தாம் கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானம் பக்கம் கட்டுகிற நேரம், விளம்பரப் பகுதியிலிருந்து ஒரு தாள் வந்தது. ரொறன்ரோவில் இருக்கும் பெரிய குடும்பம் ஒன்று, தகப்பனின் முப்பத்தோராம் நாளுக்கு அரைப்பக்கம் கேட்கிறது. நாள் வருகிற புதன்தான், ஆனால் ஞாயிறு என்றால் கூடுதல் ஆட்கள் பார்ப்பார்கள் என்று ஞாயிறே வேண்டுமாம். வேறு அரைப்பக்கம் கிடையாது. ஆசிரியர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசி அத்தியாயத்தைப் பிறகு பார்ப்பம் தங்கச்சி என்றார். பிறகு என்றால் இல்லை என்று அர்த்தம். பத்துக் கிழமை முடிந்தது, கடிதம் எத்தனை வந்தாலும் காசு வருவது அறிவித்தலில்தான், அரைப்பக்கம் ஒருக்கால் கை மாறினால் திரும்பி வராது. பெட்டை ஆகாயத்திலேயே நிற்கவேண்டியதுதான். நான் கழிவறைக்குள் போய் அழுதேன், மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

வெளியே வந்தால், அறிவித்தல் தாளைப் பிடித்துக்கொண்டு கேள்விக்குறியார் விறாந்தையில் பறந்துகொண்டிருந்தார். மூன்றாவது மகன், அடைப்புக்குறிக்குள் சுவிஸ். அந்தச் சுவிஸுக்கு நேரே பச்சைக் கேள்விக்குறி. சுவிஸா, பிரான்ஸா என்று குடும்பம் சொல்லவேண்டும், சொல்லாமல் கையெழுத்து வைக்கமாட்டாராம். ரொறன்ரோவில் அப்போது விடியப்புறம். ரெலிபோன் அடிக்கிறது, ஒருவரும் எடுக்கவில்லை. விளம்பரப் பகுதிக்காரர் கெஞ்சினார். ஆசிரியர் கத்தினார். மகனின் நாட்டை மாற்றிப் போட்டால் எத்தனை வான் வரும் என்று இவர் கேட்டார். ஆசிரியர் அடங்கிவிட்டார். நேரம் போய்க்கொண்டிருந்தது. அச்சுக்கூடத்தார் மூன்றுதரம் ஆள் அனுப்பிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அந்த இடத்துக்கு என் கடைசி அத்தியாயம் போனது.

பக்கம் போன பிறகு கோப்புக்களை அடுக்க உதவினேன். போன மாதத்து மரண அறிவித்தல் கண்ணில் பட்டது. அதே குடும்பம். மூன்றாவது மகன், சுவிஸ். பக்கத்தில் பச்சைப் பேனையால், ரெலிபோனில் கேட்டு உறுதிப்படுத்தியது என்று எழுதி, இவருடைய கையெழுத்து.

ஆறரை பஸ் போய்விட்டிருந்தது. வாருங்கள், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று ஸ்கூட்டியில் ஏற்றினேன்.  நாவற்குழிப் பாலம் தாண்டும்போது பொறுக்க முடியாமல், மூன்றாவது மகன் சுவிஸ் என்று உங்களுக்குத் தெரியும்தானே என்று கேட்டேன். 

"ஓம், பிள்ளை. நான்தானே போன மாசம் அவரோடை கதைச்சனான்."

"பேந்து ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?"

"அறிவித்தலைப் புதன்கிழமை, சரியான நாளிலை போடலாம். செத்த மனிசன் இனி அவசரப்படமாட்டார். கப்பலைப் பாத்துக்கொண்டு பிள்ளையள் நிக்குதுகளெல்லே."

எனக்குக் கண் மறைத்தது. தூசு விழுந்தது என்று சொல்லி ஸ்கூட்டியைக் கரையில் நிறுத்தித் துடைத்தேன். ஹெல்மெட் கண்ணாடியை மூடினால் தூசு விழாது, அதுகூடத் தெரியாமல் ஓடுகிறீர் என்று பின்னாலிருந்து ஏச்சு விழுந்தது. சாவகச்சேரி வரைக்கும் அந்த ஏச்சு ஓயவில்லை. கைதடிச் சந்தியில் லைட் போட்டது பிந்தி, வளைவில் சாய்ந்தது கூடுதல், பிறேக் பிடித்தது முந்தி.

அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பினேன். நான் கோப்பாய்க்காரி, அது எனக்கு வழியே இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் இந்த மனிதர் பஸ்ஸைத் தவறவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.